இரண்டாவது குடம்

போகாதா, போய்த் தொலையாதா என்று துளசிமணி அந்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் தெற்கே மலைக்கு மேல் ஒரு முறத்தளவுதான் இருந்தது. இப்போது மலையையே காணோம். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்து உட்கார்ந்து, போ, அப்படியே பொள்ளாச்சிப் பக்கம் போ, அங்கே தென்னை இருக்கிறது, எவ்வளவு கொட்டினாலும் குடிக்கும், என்று மனதுக்குள் கோழியை விரட்டுகிற மாதிரி விரட்டினாள். இந்த உடுமலைக் கரிசலில் பிறந்து வளர்ந்து மழையை விரட்டுகிற பொம்பளை வேறு யாராவது உண்டா? தை பிறந்துவிட்டது, ஊரில் கொண்டைக்கடலை காய்த்து நிற்கிறது, ஒரே ஒரு மழை பெய்தால் காய்க்குள் பருப்பு திரளும், பெய்யாவிட்டால் வெறும் தொலி. ஊரே அண்ணாந்து நிற்கிறது. இவள் மட்டும் வேண்டாம் என்கிறாள். கோதுமையில் டாக்டர் பட்டம் வாங்கியவள், ஊரில் டாக்டரம்மா என்று கூப்பிட்டுக் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்பார்கள், இல்லை என்றால் இவள் எந்த ஊர் டாக்டர் என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். அவர்களுக்குத் தெரிந்தால் மாத்திரை கேட்பதையும் விட்டுவிடுவார்கள். தெரியப் போவதில்லை. தெரிய வேண்டியவருக்கு, வீட்டுக்காரருக்கு, தெரியாமல் இருந்தால் போதும். அவர் எங்கே, பந்தியில் உட்கார்ந்துவிட்டாரா, அவருடைய போன் இந்தக் கட்டிலுக்குப் பின்னால் காட்டுச் சாளை வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிற சட்டைப் பையில் கிடந்து அடிக்கிறது, இவள் கூப்பிட்டால் இவள் தலைக்கு மேலேயே அடிக்கிறது, நல்ல மனுசன். கோதுமைமேல் போர்த்தும் பாலித்தீன் விரிப்பை இழுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு ஆள் இங்கே இருக்கிறாள். இன்னொரு ஆள் மழை கேட்டுப் பொங்கல் வைத்த பந்தியில் வாழையிலைக்கு முன்னால் இருக்கிறார். அங்கே போய், வாங்க வாங்க, மழை வருகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? நினைக்கும்போதே காது சூடாகிவிட்டது.

பிள்ளையாருக்குத் தண்ணீர் ஊற்றுவது இந்த ஊர் வழக்கம். மழை தள்ளிப்போனால் வெள்ளிக்கிழமை பார்த்து வீட்டுக்கு ஒரு குடம், ஆணும் பெண்ணும் வரிசையாக வந்து அரசமரத்தடிப் பிள்ளையார் தலையில் ஊற்ற வேண்டும், அவருக்கு மூச்சு முட்டினால் மேலே சொல்லி அனுப்புவார் என்று கணக்கு. அன்றைக்கு யாரும் காட்டு வேலைக்குப் போவதில்லை. இன்று காலை இவளும் குளித்து, ஈரத்தலையோடு, இடுப்பில் குடத்தோடு நின்றாள். முன்னால் நின்ற மயிலாத்தாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "டாக்டரம்மா, மனசார நெனச்சு ஊத்துங்கோ. படிச்சவிய சொன்னாப் பிள்ளையார் வெரசாக் கேப்பாரு" என்றாள். மனசார நினைத்துத்தான் ஊற்றினாள். பிள்ளையாரப்பா, இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், பால் பிடிக்கிற கதிர், மணி முற்றுகிற வரைக்கும் பொறுத்துக்கொள், அப்புறம் நீ வெள்ளமே விடு, என்று நினைத்துக்கொண்டே குடத்தைச் சாய்த்தாள். மழை கேட்டு ஊற்றுகிற தண்ணீரை ஊற்றிக்கொண்டே மழை வேண்டாம் என்றால் பிள்ளையார் எதைக் கணக்கில் எடுப்பார், கையையா, மனசையா? பக்கத்தில் இவள் புருசன் வெள்ளியங்கிரி நின்றார். கண்ணை இறுக மூடி, உதடு அசைய, சின்னப்பிள்ளை மாதிரி. அவர் ஒரு குடத்தோடு நிறுத்தவில்லை. ஓடிப்போய்க் குழாயடியில் இன்னொரு குடம் பிடித்து வந்து அதையும் ஊற்றினார். "வெள்ளியங்கிரிக்குப் பேராசையப் பாரு" என்று யாரோ கேலி செய்தார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். ஒரு குடம் போதாது என்கிற அளவுக்கு அந்தக் கடலை அவரை வாட்டுகிறது. போர்வெல் வற்றி மாட்டுக்கு மட்டும்தான் தண்ணீர். அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை, ராத்திரிச் சோற்றில் ஒரு பிடி குறைப்பார், அவ்வளவுதான் தெரியும். அப்படிப்பட்ட மனுசன் மழை கேட்டு இரண்டு குடம் ஊற்றுகிறார், அவர் பொண்டாட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டு ஒரு குடத்தால் அதை அழிக்கிறாள். தலைவலி என்று சொல்லிப் பந்திக்கு இருக்காமல் காட்டுக்கு வந்துவிட்டாள். தலை வலிக்கத்தான் செய்தது, பொய் இல்லை, சொன்ன பிறகு வலித்தது.

கட்டிலிலிருந்து பார்த்தால் கோதுமை தெரியும். அவருடைய காட்டின் வடக்கு மேட்டில், நல்ல கரிசலாகப் பார்த்து அவரே ஒதுக்கிக் கொடுத்த மூலை. இவள் வேலை பார்க்கிற ஆராய்ச்சிப் பண்ணையில் பக்கத்து நெல் வயலின் கசிவு வந்துகொண்டே இருந்தது, தண்ணீர் இல்லாமல் வளர்க்க அங்கே இடமே இல்லை என்று இவள் ஒருநாள் சோறு போடும்போது புலம்பினாள். மறுநாள் அவர் சோளத்தட்டு நின்ற மூலையை உழுது வைத்திருந்தார். கோயமுத்தூர்ச் சீமையில் கோதுமையா, சப்பாத்திக்காரன் ஊர்ப் பயிராச்சே என்று ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. கோதுமைதான். விதவிதமான கோதுமை, ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பாத்தி. ஒரு பக்கம் விதைத்ததும் தண்ணீர் காட்டி, அப்புறம் கதிர் வரும் முன்னாலேயே அடியோடு நிறுத்தியாகிவிட்டது. மறுபக்கம் அதே ரகங்கள், அவற்றுக்கு மட்டும் பண்ணையிலிருந்து வண்டியில் தண்ணீர் வரும். கேள்வி ஒன்றுதான். தண்ணீர் குறையும்போது எந்தச் செடி மணி கொடுக்கும், அதை முன்கூட்டியே எந்த அடையாளத்தை வைத்துச் சொல்லலாம்? உயரமா, இலை அகலமா, தூர் எத்தனை கட்டுகிறது என்பதா, சீக்கிரம் கதிர் விடுவதா, மீசை நீளமா? கேட்கிறபோது சின்னக் கேள்வி, மூன்று வருசம் தின்றுவிட்டது. முதல் வருசம் வீணாய்ப் போனது, அது போனவிதம் வேறு கதை. போன வருசம் பதில் கையில் விழுந்தது. ஆனால் ஒரு வருசத்துக் கணக்கை எவன் நம்புவான்? இந்த வருசமும் அதே பதில் வந்தால்தான் அது பதில். இதுதான் கடைசி வருசம். இதற்குமேல் திட்டம் கிடையாது, விதையெல்லாம் குளிர் அறைக்குள் போய்விடும், இவளை மக்காச்சோளத்துக்கு மாற்றிவிடுவார்கள். இன்றைக்கு, பால் கட்டுகிற இந்த நேரத்தில், காய்கிற பக்கத்தில் ஒரு மழை விழுந்தால் எல்லாம் முடிந்தது. எல்லாச் செடியும் குடித்துவிட்டு எல்லாமே நல்லவன் ஆகிவிடும். தண்ணீர் இருக்கிறபோது யார்தான் நல்லவன் இல்லை?

எழுந்து போய்ப் பாத்திகளுக்கு நடுவில் நின்றாள். சும்மா இருக்க முடியவில்லை. இதோ இவன், இவனுக்குச் சீமான் என்று பெயர் வைத்திருந்தாள், அலுவலகத்தில் சொல்ல மாட்டாள், அங்கே எண்தான். நெடுநெடு என்று வளர்ந்து, இலை ஒவ்வொன்றும் வேட்டிக்கரை அகலம், தண்ணீர்ப் பக்கத்தில் இவனைப் பார்த்தால் கண்ணுபடும். இந்தப் பக்கம் வந்தால் நடுப்பகலில் துவண்டு நிற்கிறான். அகலமான இலையெல்லாம் இருக்கிற ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கதிருக்குக் கையை விரிக்கிறது. அடுத்தவள் தூர் கட்டுவதில் கெட்டிக்காரி, பக்கத்துக்குப் பக்கம் கிளைத்துக்கொண்டே போனாள், பாதிக்குமேல் கதிரே இல்லை, எல்லாப் பிள்ளையையும் பெற்றுவிட்டு யாருக்கும் சோறு போட முடியாத குடும்பம். போன வருசம் இந்த இரண்டு பேரையும் நம்பித்தான் இவள் ஏமாந்தாள். கடைசியில் கொடுத்தவன் இதோ இவன், மூலையில் நிற்கிறவன். குட்டை என்றும் சொல்ல முடியாது, நெட்டை என்றும் சொல்ல முடியாது. இலை ஒடுக்கம், மேலே சாம்பல் பூசின மாதிரி ஒரு பூச்சு. வெயில் ஏறினால் இலையைச் சுருட்டிக்கொள்வான், குழல் மாதிரி, செத்துவிட்டான் என்று நினைக்கத் தோன்றும். வெயில் தாழ்ந்ததும் விரிப்பான். எல்லாருக்கும் முன்னால் கதிரை வெளியே விட்டுவிடுவான், ஈரம் தீர்வதற்குள் வேலையை முடிக்கிற ஆள். கதிர் சின்னது, மணி குறைவில்லை. அதைவிடப் பெரிய சங்கதி தண்டில் இருந்தது. நல்லா இருந்த நாளில் தண்டில் சேர்த்து வைத்ததையெல்லாம், இலை காய்ந்து வேர் வறண்ட பிறகு, சத்தம் காட்டாமல் கரைத்துக் கதிருக்கு அனுப்பிவிடுகிறான். அறுத்து எடை போட்டபோது தண்டு இறகு மாதிரி இருந்தது. அன்றைக்கு ஆய்வகத்தில் அந்தத் தண்டைக் கையில் வைத்துக்கொண்டு இவளுக்குக் கண் கலங்கிவிட்டது, எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெரியும். சொல்ல வெட்கம். கல்யாணமான புதிதில் இவள் கோயமுத்தூரில் விடுதியில் தங்கி ஆராய்ச்சி முடித்தாள். அவர் சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறி வருவார், ஒரு தூக்குப் போசியில் பருப்புப் பொடியும் நெய்யும், அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார், கடைசி பஸ்ஸுக்குப் போய்விடுவார். அந்த வருசங்களில் காட்டில் ஒன்றும் விளையவில்லை என்பது இவளுக்குப் பல வருசம் கழித்து, யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. எடை போட்டுப் பார்த்திருக்கிறாளா அந்த மனுசனை ஒருநாளாவது?

முதல் வருசம் மண்ணாய்ப் போனதும் அந்த மனுசன் கையால்தான். இவள் கூட்டத்துக்காகக் கோயமுத்தூர் போனவள் இரண்டு நாள் திரும்பவில்லை. அப்போது போரில் கொஞ்சம் தண்ணீர் ஊறும், தொட்டி நிறைந்தால் கடலைக்கு ஒரு நனைப்பு காட்டலாம். அவர் கடலைக்குக் காட்டவில்லை. கோதுமை இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறதே, துளசி வந்து பார்த்தால் அழுவாளே என்று, அத்தனையையும் மோட்டாரும் குழாயும் வைத்துக் கோதுமைக்கு ஏற்றிவிட்டார். காய வேண்டிய பக்கத்துக்கு. இவள் வந்து இறங்கியபோது பாத்தியெல்லாம் ஈரம் மினுமினுக்க, அவர் கால் முழுக்கச் சேற்றோடு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கின முகத்தோடு நிற்கிறார். "எல்லாத்தையும் பொழைக்க வச்சுட்டேன் அம்மிணி" என்கிறார். இவள் என்ன பேசினாள் என்று இப்போது நினைக்க வேண்டாம். அறிவிருக்கா என்று கேட்டது நினைவிருக்கிறது. வாடுகிற பயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறதுதான் உன் படிப்பா என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம், நியாயமான கேள்வி, கேட்கவில்லை. சேற்றுக் காலோடு போய்த் தொட்டித் திட்டில் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தப்பை உலகத்தில் வேறு எவனும் செய்ய மாட்டான், தன் பயிரைக் காயவிட்டுப் பொண்டாட்டியின் ஆராய்ச்சியை நனைக்கிற தப்பு. நாலைந்து நாள் பேசாமல் இருந்தாள். பேசின பிறகு அவர் செய்த முதல் வேலை, பழைய பசுமைக்குடிலின் இரும்புக் குழாய்களை விலைக்கு வாங்கி வந்து, காய்கிற பக்கத்துக்கு மேலே சட்டம் அடித்து, மழை வந்தால் இழுத்துப் போர்த்த இந்த விரிப்பைக் கட்டிக் கொடுத்ததுதான். நனைத்த கையாலேயே. போன வருசம் கணக்கு விழுந்ததென்றால் அந்தச் சட்டத்தால்தான். அதை எங்காவது எழுதியிருக்கிறாளா? ஆராய்ச்சிக் கட்டுரையில் நன்றி சொல்கிற இடத்தில் துறைத் தலைவர் பெயர் இருக்கிறது, மண் பரிசோதனைக் கூடத்தின் பெயர் இருக்கிறது.

காற்று மாறிவிட்டது. குளிர்ந்து, மண் வாசனையோடு, எங்கேயோ பெய்கிறது. விரிப்பின் கயிற்றை அவிழ்த்துத் தானாகவே இழுக்க முடியுமா என்று பார்க்கச் சட்டத்தின் தெற்கு ஓரத்துக்குப் போனவள் அப்படியே நின்றாள். சட்டத்தின் காலடியில், நீளத்துக்கும், ஒரு பள்ளம். புதிது. வெட்டின மண் இன்னும் காயவில்லை. நேற்று அந்தியில் வெட்டியிருக்க வேண்டும், இவள் வேலை முடிந்து வந்து சேரும்போது இருட்டிவிட்டது. பள்ளத்தின் ஒரு மூலையிலிருந்து வாய்க்கால் ஒன்று கிளம்பிக் கடலைக்காட்டின் தலைமாட்டு வழியாக வளைந்து போகிறது. எங்கே போகிறது? கண் அதன் கூடவே போனது. போய்த் தொட்டிப் பக்கம் மறைந்தது. தொட்டி. தொட்டியிலிருந்து கோதுமைக்கு வாய்க்கால். இல்லை, இருக்காது. ஏன் இருக்காது, ஒரு தடவை செய்தவர்தானே? போன வாரம் இங்கே நின்று இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாவமாட்ட இருக்குது" என்றாரே, அதற்கு என்ன அர்த்தம்? போரில் தண்ணீர் இல்லை என்கிறார், மாட்டுத் தொட்டி நிறையத்தானே இருக்கிறது. நாளைக்கு இவள் கோயமுத்தூர் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு குடம் ஊற்றினாரே, அந்த இரக்கம் பிடித்த மனசு எதையும் வாடவிடாது, கடலைக்கு ஒரு குடம், கோதுமைக்கு ஒரு குடம், மழை வராவிட்டால் தொட்டி. சீ, என்ன நினைப்பு இது, அவரிடம் கேட்டால் சொல்லிவிடப் போகிறார். கேட்டால் அந்த முகம். தொட்டித் திட்டில் உட்கார்ந்த அந்த முதுகு. கேட்க முடியாது. கேட்காமல் இருந்தால், நாளை மறுநாள் வந்து ஈரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். வானத்திலிருந்து ஒன்று வருகிறது, தரையிலிருந்து ஒன்று வருகிறது, நடுவில் இந்தச் சாம்பல் இலைக்காரன் சுருண்டு நிற்கிறான், இவளை நம்பி. யோசித்துக்கொண்டிருந்தவளின் கை யோசிக்கவில்லை. வரப்பில் கிடந்த கற்களைப் பொறுக்கி, பள்ளத்திலிருந்து வாய்க்கால் கிளம்புகிற வாயில் அடுக்கி, வெட்டுமண்ணை இரண்டு கையாலும் அள்ளி அடைத்து, மிதித்து, இன்னும் அள்ளி, மிதித்தாள். மழை வேண்டின நாளில் மண்ணில் கை வைக்கக்கூடாது. வைத்தாயிற்று. நகக்கண்ணெல்லாம் கரிசல். அடைத்து முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது, பின்னாலேயே அதைவிடப் பெரிய அசிங்கமும் வந்தது. பூட்டி வைக்கிறாளே, யாரிடமிருந்து?

முதல் துளி மூக்கில் விழுந்தது. ஈ என்று நினைத்துத் தட்டிவிட்டாள். அடுத்தது கையில். அப்புறம் கடலைக்காட்டின் அந்தக் கோடியிலிருந்து ஒரு சத்தம் நடந்து வந்தது. ஐயோ என்று கயிற்றைப் பிடித்து இழுத்தாள், விரிப்பு ஒரு பக்கம் மட்டும் வந்து கோணிக்கொண்டது, காற்று அதற்குள் புகுந்து இவளையே தூக்கப் பார்த்தது. பிள்ளையாரே, கையைத்தான் கணக்கில் எடுத்தாயா, மனசை எடுக்கவில்லையா, சரி, அதுவும் நியாயம்தான், ஆனால் இங்கே வேண்டாம், இந்த மூலைக்கு மட்டும், இந்தச் சட்டத்துக்குள்ளே மட்டும்! "உடு, உடு, நீ அந்தப் பக்கம் போ!" என்று குரல் கேட்டது. வெள்ளியங்கிரி ஓடி வந்துகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, வெற்றுடம்பு, வலது கையில் இன்னும் பொங்கல் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது. பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறார். "மொதல்ல மேக்காலக் கயித்த அவுரு. நான் சொல்றப்ப இழு. ம், இழு!" விரிப்பு சடசடவென்று சட்டத்தின் முதுகில் ஏறி, மறுபக்கம் இறங்கி, பாத்திகள்மேல் மூடிக்கொண்டது. அந்த நொடியில் மழை அதன்மேல் இறங்கியது. பின்னாலேயே கீழ்க்கோடியில் ஒரு கயிறு படீரென்று அறுந்தது, அவர் பாய்ந்து விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து நின்றார். "நீ உள்ளார போயி எங்கியாச்சும் ஒழுகுதான்னு பாரு. நான் இதப் புடிச்சிருக்கறேன்."

உள்ளே நுழைந்தாள். உள்ளே வேறு உலகமாக இருந்தது. தலைக்கு மேல் இரைச்சல், கீழே காய்ந்த மண், பொடிப்பொடியாக, சூடு ஆறாமல். கோதுமைக் கதிர்கள் ஆடாமல் நின்றன. ஒழுகவில்லை. குனிந்து ஒவ்வொரு பாத்தியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள், சீமான், தூர்க்காரி, மூலையில் இவன், எல்லாரும் காய்ந்துதான் இருக்கிறார்கள், நல்லவேளை, நல்லவேளை. அப்போதுதான் பார்த்தாள். தெற்கு ஓரத்தில், விரிப்பின் கீழ்ப்பக்கம், கூரையிலிருந்து வழிகிற தண்ணீர் அத்தனையும் அந்தப் புதுப் பள்ளத்தில் விழுந்து நிறைந்துகொண்டிருந்தது. நிறைந்து, அந்தப் பக்கம் குவித்த வெட்டுமண்ணைத் தாண்ட முடியாமல், சுழன்று, இந்தப் பக்கத்துக் கரையை நக்கியது. கரையில் ஒரு இடம் கரைந்து விரல் தடிமனில் ஒரு ஈரக்கோடு உள்ளே வந்தது. சாம்பல் இலைக்காரனின் பாத்தியை நோக்கி வந்தது. இவளுக்கு அப்போது புரிந்தது, எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது. வடக்கு மேடு. தெற்கே சரிவு. வாய்க்காலில் தண்ணீர் தொட்டியிலிருந்து இங்கே ஏறி வராது, இங்கிருந்து கடலைக்காட்டுக்கு இறங்கிப் போகும். வாய்க்காலைப் பார்த்தவள் சரிவைப் பார்க்கவில்லை, இத்தனை வருசம் நிலத்தில் நின்றவள், அளந்து அளந்தே தலை நரைத்தவள். "ஏனுங்க, தண்ணி உள்ளார வருதுங்க!" என்று கத்தினாள். "அதெப்படி வரும்? வாய்க்கா வெட்டி உட்டிருக்கறனே, கடலைக்குப் போவுமே!" என்று வெளியிலிருந்து அவர் குரல் வந்தது, மழையில் பாதி கரைந்து. "அடச்சிருக்குதுங்க!" "ஆரு அடச்சது?" வெளியே பாய்ந்தாள். மண்டியிட்டு, தான் மிதித்த மண்ணைத் தானே பிறாண்டினாள். நன்றாகத்தான் மிதித்திருந்தாள், ஊறின கரிசல் கையை விடாமல் பிடித்துக்கொண்டது. முதல் கல் வரவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்தது, கண் தெரியவில்லை, நகம் ஒன்று பிய்ந்தது, வா, வா, வந்துவிடு, என்று கல்லிடம் கெஞ்சினாள். அசைந்தது. இரண்டாவது கல்லைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போய்விட்டது. பள்ளத்தில் கட்டியிருந்ததெல்லாம் கருஞ்சேறாகத் திரண்டு வாய்க்காலில் இறங்கி, வளைவில் திரும்பிக் கடலைக்காட்டின் தலைமாட்டில் விரிந்தது. உள்ளே திரும்பிப் பார்த்தாள். ஈரக்கோடு சாம்பல் இலைக்காரனின் பாத்திக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, மண்ணில் உறிஞ்சிக்கொண்டு மறைந்தது.

எழுந்து நின்றபோது அவர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விரிப்பின் ஓரத்தை விடவில்லை. தலையிலிருந்து தண்ணீர் வழிந்து மீசை நுனியில் சொட்டியது. "நீதான் அடச்சயாக்கும்" என்றார். தலையை ஆட்டினாள். "நான் கோதுமைக்குத் தண்ணி உடறதுக்கு வெட்டி வச்சிருக்கறன்னு நெனச்சுட்ட." அதற்கும் தலையை ஆட்டினாள். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தாள், கோபித்தால்கூட நன்றாக இருக்கும். அவர் முகம் ஒரு நொடி சுருங்கி, அப்படியே விரிந்து, சிரித்துவிட்டார். "அது சரி. ஒருக்கா உட்டவன்தான" என்றார். "இந்த விரிப்புமேல உழுகற தண்ணி இத்தன அகலத்துக்கும் சும்மா ஓடிப் போகுதே, கடலைக்குத் திருப்பலாம்னு நேத்துத்தான் தோணுச்சு. உன்றகிட்டச் சொல்றதுக்குள்ள நீ தூங்கிட்ட." துளசிமணி சேற்றுக் கையோடு போய் அவர் பக்கத்தில் விரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள். பாதிப் பாரம் அவளுக்கு வந்தது. மழை இரண்டு பேர்மேலும் விழுந்தது. சொல்லிவிட வேண்டும், இப்போது சொல்லாவிட்டால் எப்போது? "மாமா, நான் காலைல மழ வேண்டாம்னுதானுங்க வேண்டிக்கிட்டேன்." சொல்லிவிட்டு விரிப்பையே பார்த்தாள். "தெரியும் புள்ள" என்றார் அவர். "கொடத்தச் சாய்க்கறப்ப உன்ற மொகம் போன போக்கப் பாத்தனே." "அதுக்குத்தான் ரெண்டாவது கொடம் ஊத்துனீங்களா? நான் கேட்டத அழிக்கறதுக்கு?" அவர் பிடியை மாற்றிப் பிடித்தார், கால் கட்டை விரலால் மண்ணைக் கிளறினார், பந்தியில் பாதியில் எழுந்ததை நினைத்தவர் மாதிரி வலது கையை மழையில் நீட்டிக் கழுவினார்.

"மொதக் கொடம் நம்ம கடலைக்கு" என்றார். "ரெண்டாவது, உன்ற கோதுமமேல ஒரு சொட்டு உழுகக் கூடாதுன்னு."